சீனப் பேரரசரின் வானியலாளர் வெர்பீஸ்ட் பாதிரியார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானியல் வரலாறு பேசும் இடங்களில் ஃபெர்டினாண்ட் வெர்பீஸ்ட் பெயரை எடுத்தாலே கிட்டத்தட்ட ஒரே மாதிரிச் சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்ததால், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்து ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன். முதல் சில கேள்விகள் எளியவை. போகப் போகச் சிக்கலானவை வரும்.

யார் சார் இந்த வெர்பீஸ்ட்? சுருக்கமா சொல்லுங்களேன்.

இன்றைய பெல்ஜியத்தில் பிளாண்டர்ஸ் பகுதியில் பிட்டெம் என்ற ஊரில் 1623 அக்டோபர் 9 அன்று பிறந்தவர். 1641-இல் கத்தோலிக்கத் துறவியர் அமைப்பான இயேசு சபையில் சேர்ந்தார். 1657-இல் லிஸ்பனில் கப்பல் ஏறி, அடுத்த ஆண்டு சீனக் கரையிலுள்ள மக்காவ் துறைமுகத்தில் வந்து இறங்கினார். முதலில் ஷியான் நகரில் மறைப்பணி செய்தார். 1660-இல் அவரைப் பெய்ஜிங்குக்கு வரச் சொல்லி உத்தரவு வந்தது. அதன் பிறகு சாகும்வரை, அதாவது 1688 ஜனவரி 28 வரை, அவருக்கு அதுதான் ஊர்.

காங்ஷி பேரரசரின் கீழ் அரசு வானியல் அலுவலகத்தின் பொறுப்பை ஏற்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்தியவர். சீனத்தில் அவர் பெயர் நான் ஹுவாய்ரென்.

ரிச்சி, ஷால், வெர்பீஸ்ட் எல்லாம் ஒரே ஆளா? எனக்குக் குழப்பமா இருக்கு.

மூன்று பேர், மூன்று தலைமுறை. மூவரும் இயேசு சபையினர், மூவரின் கல்லறையும் பெய்ஜிங்கில் ஒரே இடத்தில் இருக்கிறது. குழப்பம் வருவது இயல்புதான்.

இத்தாலியரான மத்தேயோ ரிச்சி (1552–1610) மிங் வம்சக் காலத்தவர். 1601-இல் பெய்ஜிங்கில் தங்க அனுமதி பெற்றார், ஆனால் அன்றைய பேரரசரை நேரில் பார்த்ததே இல்லை. கொலோன் நகரத்து ஆடம் ஷால் (1592–1666) மிங் ஆட்சி சரிந்து மஞ்சூக்களின் சிங் ஆட்சி வந்த கலவரத்தைக் கண்ணால் பார்த்தவர். புதிய ஆட்சியில் வானியல் அலுவலகத்தின் தலைவரானார். இளம் பேரரசர் ஷுன்ஷி அவரைத் தாத்தா என்று பொருள்படும் மஞ்சூச் சொல்லால் அழைக்கும் அளவுக்கு நெருக்கம். அந்த ஷாலுக்கு வயதாகிவிட்டது, உதவிக்கு ஆள் வேண்டும் என்றுதான் வெர்பீஸ்டை அழைத்தார்கள்.

மதம் பரப்ப வந்தவருக்கு வானியல் எப்படித் தெரியும்?

இயேசு சபையின் கல்லூரிகளில் கணிதமும் வானியலும் பாடத்திட்டத்திலேயே இருந்தன. வெர்பீஸ்ட் லூவெனில் படித்தார், செவில்லில் 1655-இல் குருப்பட்டம் பெற்றார். அவர் அங்கே பெரிய வானியலாளர் என்று பெயர் எடுத்தவர் அல்லர். ஐரோப்பாவிலேயே இருந்திருந்தால் இன்று அவர் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது என்பது என் எண்ணம்.

சீனாவுக்கு வானியல் தெரிந்தவர்களை அனுப்ப வேண்டும் என்று ரிச்சியே ரோமுக்கு எழுதியிருந்தார். சீன அறிஞர்களிடமும் அரண்மனையிலும் நுழைய அதுதான் வழி என்று அவருக்குப் புரிந்திருந்தது. ஆகவே வெர்பீஸ்ட் விஷயத்தில் வானியல் தற்செயலான பொழுதுபோக்கு இல்லை, சபை தெரிந்தே பிடித்த பாதை.

ஒரு பஞ்சாங்கத்துக்கா இவ்வளவு சண்டை?

ஆமாம், ஏனென்றால் அங்கே நாட்காட்டி வெளியிடுவது அரசுரிமையின் அடையாளம். பேரரசர் வானத்தின் மைந்தர். வானம் அவருக்கு ஆளும் ஆணையைக் கொடுத்திருக்கிறது என்பது நம்பிக்கை. அப்படிப்பட்டவரின் முத்திரையோடு வரும் நாட்காட்டியில் சொன்ன நேரத்தில் கிரகணம் வராமல், சொல்லாத நேரத்தில் வந்தால் என்ன ஆகும்? வானத்துக்கும் அவருக்கும் ஏதோ சரியில்லை என்று ஊர் பேசும். நாட்காட்டியை அனுமதியின்றி அச்சடிப்பது தண்டனைக்குரிய குற்றமாகவே இருந்தது.

கணக்கும் சுலபம் இல்லை. சீன மாதங்கள் நிலவைப் பின்பற்றுபவை. பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 354 நாள்தான் வரும், சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவு. அதைச் சரிக்கட்ட 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள், தெலுங்குப் பஞ்சாங்கத்தில் அதிக மாசம் வருவதைப் போல. அந்த மாதத்தை எந்த இடத்தில் சேர்ப்பது என்பதைச் சூரியனின் துல்லியமான இடத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 1669-இல் நடந்ததைப் புரிந்துகொள்ள இது வேண்டும்.

சீனாக்காரங்களுக்கு வானியலே தெரியாதா, வெள்ளைக்காரன் வந்துதான் சொல்லிக்கொடுக்கணுமா?

இந்தக் கேள்வியில் இருக்கும் கோபம் நியாயமானது. 1281-இல் நடைமுறைக்கு வந்த குவோ ஷோவ்ஜிங்கின் நாட்காட்டி ஓர் ஆண்டின் நீளத்தை 365.2425 நாள் என்று வைத்திருந்தது. ஐரோப்பாவின் கிரிகோரியன் நாட்காட்டி அதே எண்ணுக்கு 1582-இல்தான் வந்து சேர்ந்தது. பெய்ஜிங் வானாய்வு மேடையும் வெர்பீஸ்டுக்கு இருநூறு ஆண்டு முன்பே, 1442-இல் கட்டியது. இஸ்லாமிய முறைப்படி கணக்கிடும் வானியலாளர்களும் அரசுப் பணியில் நெடுங்காலம் இருந்தார்கள்.

கோளாறு வேறு இடத்தில். மிங் ஆட்சி ஏறக்குறைய அதே 1281 கணக்கை லேசாக மாற்றி முந்நூறு ஆண்டு ஓட்டியது. சிறு பிழை சேர்ந்து சேர்ந்து கிரகணக் கணிப்புகள் தவறத் தொடங்கின. அப்போதுதான் ஷு குவாங்ச்சி என்ற சீன அமைச்சர், அவரே கிறிஸ்தவரும் கூட, ஐரோப்பியக் கணக்கைக் கொண்டு சீர்திருத்தம் தொடங்கினார். ஷால் அந்தக் குழுவில் வேலை பார்த்தவர். இந்தச் சீர்திருத்தத்தைக் கேட்டதும் நடத்தியதும் சீனர்கள்தான்.

அவ்வளவு மரியாதை இருந்தும் ஏன் சிறையில் போட்டாங்க?

ஷுன்ஷி 1661-இல் பெரியம்மையில் இறந்தார். காங்ஷி ஏழு வயதுக் குழந்தை, ஆட்சி நான்கு பொறுப்பாளர்கள் கையில், அவர்களில் வலுவானவர் ஓபோய். பாதுகாத்த பேரரசர் போனதும் எதிரிகள் எழுந்தார்கள். யாங் குவாங்ஷியான் என்ற அறிஞர் 1664-இல் வழக்குத் தொடுத்தார். நாட்காட்டியில் பிழை, மதத்தின் பெயரில் சதி ஆகியவற்றோடு இன்னொரு குற்றச்சாட்டும் இருந்தது. 1658-இல் இறந்த ஒரு குட்டி இளவரசனின் அடக்கத்துக்குத் தீய நேரம் குறித்துக் கொடுத்து, அதனால் அவன் தாயும் பேரரசரும் சாகக் காரணமானார்கள் என்பது அது. உயிரை வாங்கியது இதுதான்.

ஷாலுக்கு அந்த ஆண்டுதான் பக்கவாதம் வந்து பேச்சு குழறியிருந்தது. விசாரணை முழுக்க வெர்பீஸ்ட் பக்கத்தில் இருந்து அவருக்காகப் பேசினார், இருவருக்கும் சங்கிலி. 1665 ஜனவரி 16 சூரிய கிரகணத்தின் நேரத்தை மூன்று முறைகளில் கணித்துச் சோதித்தார்கள். ஐரோப்பியக் கணிப்புதான் பொருந்தியது. அப்படியும் ஷாலுக்கு உடலைத் துண்டு துண்டாக வெட்டிக் கொல்லும் தண்டனை விதித்தார்கள். தீர்ப்பு வந்த ஏப்ரலிலேயே பெய்ஜிங்கில் நிலநடுக்கம். வானத்தின் எச்சரிக்கை என்று அரண்மனை நடுங்கியது, ஷாலையும் மற்றப் பாதிரியார்களையும் விட்டுவிட்டார்கள். ஷால் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இறந்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். லி ட்ஸூபாய் உட்பட வானியல் அலுவலகத்தைச் சேர்ந்த ஐந்து சீனக் கிறிஸ்தவர்களின் தலை வெட்டப்பட்டது. நிலநடுக்கம் அவர்களைக் காப்பாற்றவில்லை.

நிழலை அளந்து ஜெயிச்சார்னு ஒரு கதை இருக்கே, நிஜமா?

நிஜம். வழக்குக்குப் பிறகு வானியல் அலுவலகம் யாங் கைக்குப் போயிருந்தது. அவர் பதவியே வேண்டாம் என்று பலமுறை மனுப் போட்டவர், தனக்குக் கணக்கு தெரியாது என்று வெளிப்படையாகச் சொன்னவர். வேலையை வூ மிங்ஷுவான் என்பவர் பார்த்தார். 1668 டிசம்பரில், பதினான்கு வயது காங்ஷி அடுத்த ஆண்டின் நாட்காட்டியை வெர்பீஸ்டிடம் அனுப்பிப் பிழை இருக்கிறதா பார்க்கச் சொன்னார். பிழைகள் நிறைய இருந்தன.

சோதனை எளிமையானது. குறிப்பிட்ட உயரமுள்ள கோலை நட்டால் நண்பகலில் அதன் நிழல் எதுவரை விழும் என்று முன்கூட்டியே கோடு போட வேண்டும். டிசம்பர் கடைசியில் பெய்ஜிங்கில் சூரியன் மிகத் தாழ்வாக இருக்கும், நிழல் கோலின் உயரத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளும். அதனால் சிறு பிழையும் பளிச்சென்று தெரியும். உயர் அதிகாரிகள் கண்முன் டிசம்பர் 27 முதல் மூன்று நாள், வெவ்வேறு உயரக் கோல்களை வைத்துச் சோதித்தார்கள். மூன்று நாளும் நிழல் வெர்பீஸ்ட் போட்ட கோட்டில் வந்து நின்றது. எதிர்த் தரப்பால் கோடு போடவே முடியவில்லை.

அடுத்த சில வாரங்களில் சூரியனும் கோள்களும் இருக்கும் இடத்தைச் சோதித்தபோதும் அதே முடிவு. முன்பு சொன்ன கூடுதல் மாதத்தை 1669-இன் கடைசியில் வைத்திருந்தார்கள். அது அங்கே வரவே கூடாது, அடுத்த ஆண்டுக்குப் போக வேண்டும் என்று வெர்பீஸ்ட் காட்டினார். நாடு முழுக்க அனுப்பிவிட்ட நாட்காட்டியிலிருந்து ஒரு மாதத்தையே எடுக்க வேண்டி வந்தது. எவ்வளவு பெரிய அவமானம் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்போ அறிவியல் மூடநம்பிக்கையை ஜெயிச்சதுன்னு சொல்லலாம்தானே?

பாதிதான் சொல்லலாம். 1665 கிரகணத்திலும் இதே கணக்கு சரியாகத்தானே வந்தது? அப்போது தண்டனை கிடைத்தது, 1669-இல் பதவி கிடைத்தது. இடையில் மாறியது அரண்மனை. காங்ஷி வளர்ந்துவிட்டார், ஓபோயின் பிடியிலிருந்து விடுபட நினைத்தார். யாங் குழுவினர் ஓபோய் காலத்தில் ஏற்றம் பெற்றவர்கள். அவர்களின் நாட்காட்டி பொய் என்று எல்லோர் முன்னாலும் நிரூபணமானது இளம் பேரரசருக்கு நல்ல ஆயுதம். அதே 1669 கோடையில் ஓபோயைக் கைது செய்தார்கள். ஷாலின் மரியாதையை மீட்டுக் கொடுத்தார்கள். யாங்குக்கு மரண தண்டனை விதித்து, வயதைக் கருதி விட்டுவிட்டார்கள். ஊருக்குத் திரும்பும் வழியில் அவர் இறந்தார்.

யாங்கை வெறும் முட்டாளாகக் காட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. நல்ல நாட்காட்டி இல்லாமல் போனாலும் பரவாயில்லை, மேற்கத்தியர் சீனாவில் இருக்கக் கூடாது என்று அவர் எழுதினார். இருநூறு ஆண்டு கழித்து, மேற்கத்தியரிடம் சீனா தோற்ற அபினிப் போர்கள் நடந்தபின் சில சீனர்கள் அந்த வரியை வேறு விதமாக வாசித்தார்கள். ஆனால் ஐந்து பேரின் தலையை வாங்கிய வழக்கைத் தொடுத்தவரும் அவரே.

பாதிரியாரே நல்ல நேரம் கெட்ட நேரம் பார்த்துக் கொடுத்தாரா? இது பாவம் இல்லையா?

இதே கேள்வியை அவர் சபைக்குள்ளேயே கேட்டார்கள். அரசு நாட்காட்டியில் எந்த நாளில் கல்யாணம், எந்த நாளில் பயணம், எந்த நாளில் முடி வெட்டலாம் என்பதெல்லாம் இருக்கும். அதை வெளியிடும் அலுவலகத்துக்கு ஒரு குரு தலைவராக இருக்கலாமா? பெய்ஜிங்கிலேயே இருந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் கேப்ரியல் மகல்யாயிஷ், ஷாலை இதற்காகக் கடுமையாக எதிர்த்து ரோம்வரை கொண்டுபோனார்.

ஷாலும் வெர்பீஸ்டும் சொன்ன சமாதானம், தங்கள் பொறுப்பு வானக் கணக்கோடு முடிகிறது, நாள் குறிப்பது அலுவலகத்தின் வேறு பிரிவு என்பது. முன்பு சொன்ன அடக்க நேர வழக்கில் ஷால் இதையேதான் வாதிட்டார், எடுபடவில்லை. எனக்கும் இது கொஞ்சம் வசதியான சமாதானமாகத்தான் தெரிகிறது. மேலே முத்திரை போடுபவருக்கு உள்ளே இருப்பதில் பங்கே இல்லை என்று எப்படிச் சொல்வது?

அவர் செஞ்ச கருவிகள் என்னென்ன?

1669 முதல் 1673 வரை ஆறு பெரிய வெண்கலக் கருவிகள். விண்மீன்களைப் பதித்த வான்கோளம், நடுவரைத் தளத்தில் அளக்கும் வளையக் கருவி, சூரியப் பாதைத் தளத்தில் அளக்கும் வளையக் கருவி, தொடுவானத் திசையை அளக்கும் வளையம், உயரம் அளக்கும் கால்வட்டம், இரு வான்பொருள்களுக்கு இடையே உள்ள கோணத்தை அளக்கும் ஆறிலொரு வட்டம். வான்கோளம் மட்டும் ஏறத்தாழ நான்கு டன். வடிவமைப்பு டேனிஷ் வானியலாளர் டைக்கோ பிராஹேயின் கருவிகளை ஒட்டியது. தாங்கிப் பிடிக்கும் டிராகன்களும் வார்ப்பும் சீனக் கைவினைஞர்களுடையவை. அந்த அளவில் அப்படி வார்க்க அன்று ஐரோப்பாவிலேயே எத்தனை பட்டறைகளால் முடிந்திருக்கும் தெரியவில்லை.

அளவுக் குறிகளிலும் மாற்றம் வந்தது. சீன வழக்கத்தில் வட்டத்துக்கு 365¼ பாகை, ஒரு நாளுக்கு நூறு பகுதி. புதிய முறையில் 360 பாகை, 96 பகுதி. யாங்கின் புகார்களில் இந்த 96-ம் ஒன்று. கருவிகளைச் செய்யும் முறையையும் பயன்படுத்தும் முறையையும் விளக்கி, படங்களோடு 1674-இல் சீன மொழியில் நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் பெரிய உலக வரைபடம் ஒன்றும் வந்தது. 1678-இல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கான வான அட்டவணைகளைப் பேரரசருக்குக் கொடுத்தார். காங்ஷியின் வம்சம் அவ்வளவு காலம் நிலைக்கும் என்ற நயமான முகஸ்துதியும் அதில் இருக்கிறது.

1673-ல தொலைநோக்கி இருந்துச்சே, ஏன் வைக்கல? சூரியன் நடுவுல இருக்குங்கறதையும் மறைச்சுட்டாரா?

இந்தப் பக்கத்தில் கடினமான கேள்வி இதுதான். தொலைநோக்கி சீனாவுக்குப் புதிதில்லை. ஷால் 1626-இலேயே அதைப் பற்றிச் சீனத்தில் நூல் எழுதியிருக்கிறார். ஆனால் கோணம் அளக்கும் பெரிய கருவிகளில் தொலைநோக்கியைப் பொருத்தும் பழக்கம் ஐரோப்பாவிலேயே 1660-களில்தான் பரவத் தொடங்கியது, அதற்கு முன்பே வெர்பீஸ்ட் கப்பல் ஏறிவிட்டார். ஆகவே அவர் கருவிகள் எல்லாம் வெறுங்கண்ணால் பார்ப்பவை. மேடையில் ஏறிய அன்றே அவை ஐரோப்பிய அளவில் பழைய மாடல்.

சூரிய மையக் கொள்கை வேறு விஷயம். 1616-இல் திருச்சபை அதைத் தடை செய்தது. இயேசு சபையினர் சீனாவில் டைக்கோவின் அமைப்பைப் பயன்படுத்தினார்கள்: கோள்கள் சூரியனைச் சுற்றும், சூரியன் நிலையான பூமியைச் சுற்றும். கோள்களின் இடத்தைக் கணிக்க இது நன்றாகவே போதும், நாட்காட்டிக்கு எந்தக் குறையும் வராது. கோப்பர்நிக்கஸின் அமைப்பை முறையாகச் சீன அரண்மனையில் விளக்கியவர் மிஷேல் பெனுவா என்ற பிரெஞ்சு இயேசு சபையினர். அது 1760-களில். சொந்தச் சந்தேகத்தால் வந்த தாமதமா, கீழ்ப்படிதலால் வந்ததா என்று கேட்டால், இரண்டாவதே பெரிய காரணம் என்பேன். விலை கொடுத்தது சீன வாசகர்கள்.

சாமியார் பீரங்கி செய்யலாமா?

செய்தார், நூற்றுக்கணக்கில். 1673-இல் தெற்கில் வூ சான்குய் என்ற தளபதி கிளப்பிய கலகம் எட்டு ஆண்டு நீடித்தது, சிங் ஆட்சியே ஆட்டம் கண்டது. மலைப்பாதையில் தூக்கிப்போகும்படி இலகுவான பீரங்கிகள் வேண்டும் என்று காங்ஷி உத்தரவிட்டார். வெர்பீஸ்ட் முதலில் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். 1681-இல் மட்டும் 320 பீரங்கிகள் வார்த்ததாகக் கணக்கு. பெய்ஜிங்குக்கு வெளியே லூகோவ் பாலத்தருகே சோதனை நடந்தது. மறு ஆண்டு பொதுப்பணி அமைச்சகத்தில் துணை அமைச்சர் பதவி தேடி வந்தது. பீரங்கிகளை அவர் ஆசீர்வதித்து, புனிதர்களின் பெயர்களையும் இட்டார்.

ஐரோப்பாவில் இதற்காக அவரைத் திட்டியவர்கள் உண்டு. மறுத்திருந்தால் மொத்த மறைப்பணியும் போயிருக்கும் என்பது அவர் தரப்பு. அது உண்மையாகவே இருக்கலாம், 1665-ஐப் பார்த்தவருக்கு அந்தப் பயம் சும்மா வந்திருக்காது. அதற்காக நூற்றுக்கணக்கான பீரங்கிகள் சின்ன விஷயமாகிவிடாது.

உலகத்தோட முதல் காரைக் கண்டுபிடிச்சது இவர்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

கார் என்று சொன்னால் மிகை. பொம்மை வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டடி நீளச் சிறு வண்டியில் கரி நெருப்பு, மேலே நீர்க்கலன். மெல்லிய துளை வழியே பீறிடும் நீராவி ஒரு இதழ்ச் சக்கரத்தில் மோதிச் சுழற்றும், பல்சக்கரங்கள் வழியாக வண்டி நகரும். அரண்மனை முற்றத்தில் வட்டமாக ஓடவிட ஒரு திருப்புச் சக்கரமும் இருந்தது. ஆள் ஏற முடியாது.

1687-இல் ஜெர்மனியின் டில்லிங்கன் நகரில் அச்சான அவருடைய லத்தீன் நூலில் இந்த விவரம் இருக்கிறது, ஆகவே கட்டுக்கதை இல்லை. நீராவியால் தானாக ஓடிய வண்டி என்று எழுத்தில் பதிவானவற்றில் மிகப் பழையது இது என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

காங்ஷிக்கு பாடம் எடுத்தாராமே? அப்புறம் ஏன் அவர் கிறிஸ்தவராகல?

எடுத்தார், அதுவும் மாதக்கணக்கில் தினமும். யூக்ளிடின் வடிவியல், கருவிகளைக் கையாளும் முறை, விண்மீன்களை அடையாளம் காண்பது எல்லாம். இதற்காகவே மஞ்சூ மொழியைக் கற்றுக்கொண்டார். 1682-இல் மஞ்சூரியாவுக்கும் 1683-இல் மங்கோலியப் பகுதிக்கும் பேரரசர் போனபோது கருவிகளோடு கூடவே போனார். இரவில் முகாமில் வானத்தைக் காட்டிப் பேரரசர் கேள்வி கேட்பார், இவர் பதில் சொல்வார்.

காங்ஷிக்கு வேண்டியது கணக்கு, வெர்பீஸ்டுக்கு வேண்டியது அவருடைய மதத்துக்கு இடம். இருவருக்கும் இது நன்றாகவே தெரியும் என்று நினைக்கிறேன். 1683-இல் வெர்பீஸ்ட் தன் துருப்புச் சீட்டை இறக்கினார். அரிஸ்டாட்டில் மரபுத் தத்துவத்தையும் தர்க்கத்தையும் அறுபது பகுதிகளாகச் சீனத்தில் தொகுத்து, அரசே அச்சிட வேண்டும் என்று கொடுத்தார். வானியல் இந்தத் தத்துவத்தின் ஒரு கிளைதான், தத்துவத்தை ஏற்றால் அடுத்தது இறையியல் என்பது அவர் திட்டம். நினைவும் சிந்தனையும் மூளையில் இருக்கின்றன என்று அதில் இருந்தது பலருக்குப் பிடிக்கவில்லை. எழுத்தே உளறலாக இருக்கிறது என்று பேரரசர் திருப்பி அனுப்பிவிட்டார். நிழல் கோட்டை அப்படியே ஏற்றவர், அதற்குப் பின்னால் வந்த மூட்டையைத் திறக்கவில்லை.

உண்மையில இவர் உளவாளியா?

ஒரு இடத்தில் அந்தச் சந்தேகத்துக்கு நியாயம் இருக்கிறது. 1676-இல் ரஷ்யத் தூதர் நிக்கொலாய் மிலெஸ்கு பெய்ஜிங் வந்தபோது வெர்பீஸ்ட்தான் மொழிபெயர்ப்பாளர், பேச்சு லத்தீனில். அப்போது சீன அரசவையின் எண்ணங்களைத் தூதரிடம் ரகசியமாகவும் சொன்னார். ஐரோப்பாவிலிருந்து கடல்வழி வரும் பாதிரியார்களில் பலர் வழியிலேயே செத்தார்கள், ரஷ்யா வழியாக நிலப்பாதை திறந்தால் நல்லது என்பது அவர் கணக்கு. எந்த ஐரோப்பிய அரசுக்கும் சம்பளத்துக்கு வேலை பார்த்ததற்கு ஆதாரம் இல்லை. ஆனால் சம்பளம் கொடுத்த அரசருக்குத் தெரியாமல் பேசினார். அதை மூடி மறைக்கத் தேவையில்லை.

வீரமாமுனிவர் மாதிரியா இவரும்? தமிழ்நாட்டோட ஏதாவது தொடர்பு உண்டா?

சபை ஒன்று. உள்ளூர் மொழி, உள்ளூர் உடை, படித்தவர்களோடு பழக்கம் என்ற வழிமுறையும் ஒன்று. நேரடிச் சந்திப்பு கிடையாது, வெர்பீஸ்ட் இறந்தபோது வீரமாமுனிவருக்கு ஏழு வயது.

ஆனால் சுற்றி வளைத்து ஒரு தொடர்பு உண்டு. 1678-இல் வெர்பீஸ்ட் ஐரோப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார்: வானியல் தெரிந்தவர்களை அனுப்புங்கள், இங்கே ஆள் இல்லை. அதன் விளைவாகப் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1685-இல் ஆறு கணித வல்லுநர்களை, எல்லோரும் இயேசு சபையினர், கப்பலேற்றினார். அவர்களில் கீ தஷார் என்பவர் சீனாவரை போகவில்லை. சயாம் (இன்றைய தாய்லாந்து) அரசவைப் பணியில் இறங்கி, பிறகு புதுச்சேரிக்கு வந்து இங்கே நெடுங்காலம் பணி செய்தார். இதே முயற்சியின் தொடர்ச்சியாக 1687-இல் சயாம் போன ழான் ரிஷோ, அங்கே புரட்சி வெடித்ததும் புதுச்சேரிக்கு வந்தார். 1689 டிசம்பரில் ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆல்பா சென்டாரி இரட்டை விண்மீன் என்று புதுச்சேரியில்தான் கண்டுபிடித்தார்.

இன்னொன்று சடங்குச் சண்டை. முன்னோருக்குச் செய்யும் மரியாதையைச் சீனக் கிறிஸ்தவர்கள் தொடரலாமா என்ற வழக்கும், தமிழகக் கிறிஸ்தவர்களின் உள்ளூர் வழக்கங்கள் பற்றிய வழக்கும் இணையாக நடந்தவை. திருத்தந்தையின் தூதர் துர்னோன் 1704-இல் புதுச்சேரியில் தடை ஆணை போட்டுவிட்டு நேராகச் சீனாவுக்குப் போனார். காங்ஷிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை, கடைசியில் மக்காவ் நகரில் காவலில் இருந்தபடியே 1710-இல் இறந்தார். வெர்பீஸ்ட் கட்டிய நம்பிக்கை அதோடு சரியத் தொடங்கியது.

கடைசிக் காலம் எப்படி?

அவர் கடிதம் எழுதி வரவழைத்த பிரெஞ்சுக்காரர்களில் ஐவர் 1688 பிப்ரவரி 7 அன்று பெய்ஜிங் வந்து சேர்ந்தார்கள். வெர்பீஸ்ட் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. மார்ச் 11 அன்று அரச மரியாதையோடு அடக்கம் நடந்தது. உயர் அதிகாரிகளுக்கு மட்டும் கொடுக்கும் இறப்புக்குப் பிந்தைய கௌரவப் பெயரையும் காங்ஷி அளித்தார், அது கிடைத்த ஒரே மறைப்பணியாளர் இவர். கிறிஸ்தவத்தைச் சகித்துக்கொள்ளும் ஆணை 1692-இல்தான் வந்தது.

கருவிகளை ஜெர்மனிக்காரங்க தூக்கிட்டுப் போய்ட்டாங்களாமே? இப்போ எங்கே பார்க்கலாம்?

1900-இல், வெளிநாட்டவரை எதிர்த்து எழுந்த பாக்ஸர் கிளர்ச்சியை ஒடுக்க வந்த எட்டு நாட்டுப் படைகளில் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் கருவிகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பிரெஞ்சுப் பங்கு பெய்ஜிங்கிலேயே அவர்களின் தூதரகத்தில் கிடந்து 1902-இல் திரும்பியது. ஜெர்மானியப் பங்கு பாட்ஸ்டாம் அரண்மனைத் தோட்டத்துக்குப் போய்விட்டது. முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்று, வெர்சாய் ஒப்பந்தத்தின் 131-ஆம் பிரிவில் கருவிகளைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதினார்கள். 1921-இல் வந்து சேர்ந்தன.

இப்போது ஆறும் பழைய வானாய்வு மேடையிலேயே இருக்கின்றன, பின்னால் சேர்ந்த இரண்டையும் சேர்த்து மொத்தம் எட்டு. பெய்ஜிங் மெட்ரோவில் ஜியான்குவோமென் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே மேடை. வெர்பீஸ்ட் கீழே இறக்கிவைத்த மிங் காலக் கருவிகளைப் பார்க்க வேண்டுமானால் நான்ஜிங் போக வேண்டும், 1930-களில் அவற்றை அங்கே ஊதா மலை வானாய்வகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ரிச்சி, ஷால், வெர்பீஸ்ட் மூவரின் கல்லறைக் கற்கள் பெய்ஜிங்கில் ஜாலான் இடுகாட்டில் இருக்கின்றன. அது இன்று அரசு அதிகாரிகளுக்கான பயிற்சிக் கல்லூரி வளாகத்துக்குள் இருப்பதால், கிளம்பும் முன் அனுமதி கிடைக்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.